பெருவட்டமும் பெருங்காற்றும்

மருதானைப் புகையிரத நிலையத்திலே நின்று வடக்கே போகும் வண்டிக்குச் சீட்டு வாங்கும் ஒருவருக்குத் தூரம் என்னும் விஷயத்தில் எவ்விதச் சந்தேகமும் எழ நியாயமில்லை. தண்டவாளம் எவ்வளவு நீளமோ அவ்வளவே தூரம், அந்தத் தூரத்துக்கு ஏற்றதே கட்டணம், அட்டவணையில் அச்சிட்டதே நேரம் என்று எல்லாம் முன்னமே தீர்மானமாகிவிட்ட ஓர் ஒழுங்கு அது. 1864ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் வண்டி ஓடிய காலந்தொட்டு இந்த ஒழுங்கு பெரிதும் மாறவில்லை. வண்டி தாமதிக்கலாம், அதுவும் அடிக்கடி தாமதிக்கிறது. ஆயினும் அது மருதானையை விட்டு ஒரு முறை ராகமைப் பக்கமாகவும் மறுமுறை கடலின் மேலாகவும் போவதென்பது இல்லை.

அதே மருதானையில், நிலையத்தை விட்டு வெளியே வந்து சந்திப் பக்கமாக நடந்தால், வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையங்களும் விமானச்சீட்டு எழுதித் தரும் சிற்றலுவலகங்களும் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றிலே, வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு தாயார், “தம்பி, லண்டனுக்கு எத்தனை மணித்தியாலம்?” என்று கேட்டால், “பதினொன்று, பதினொன்றரை பிடிக்கும் அம்மா” என்று பதில் வரும், “திரும்பி வர?” என்றால், “அது பத்துச் சொச்சம்” என்பார் அந்த இளைஞர், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. அதே இரண்டு ஊர்கள், அதே விமானம், போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு வேறொரு நேரம்! புகையிரதத்தில் இது நடந்தால் புகார் எழுதுவோம். விமானத்தில் நடப்பதை மட்டும் ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. அக்கேள்விக்கு விடை தேடுவதே இவ்வத்தியாயத்தின் உத்தேசம்.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். பாடசாலைப் பூகோள உருண்டை ஒன்றும் ஒரு தையல் நூலும் கிடைத்தால் போதும். நூலின் ஒரு நுனியைக் கொழும்பின்மேல் விரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியை லண்டனுக்கு இழுத்து, நூல் எங்கும் தொய்யாதபடி இறுக்கிப் பிடித்தால், அது தானாகவே ஒரு பாதையில் அமரும். அந்தப் பாதையை இரு புறமும் நீட்டினால் உருண்டையைச் சரிபாதியாகப் பிளக்கும் ஒரு வட்டம் உண்டாகும். கணித சாஸ்திரிகள் அதனைப் பெருவட்டம் என்பர். கோளத்தின் மேற்பரப்பிலே இரண்டு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி எப்போதும் பெருவட்டத்தின் ஒரு துண்டேயாகும். கட்டுநாயக்கா விமான நிலையத்தின் அகலாங்கும் நெட்டாங்கும், லண்டன் ஹீத்ரோவின் அகலாங்கும் நெட்டாங்கும் தெரிந்துவிட்டால், பூமியின் மையத்திலே அவ்விரு ஊர்களும் அமைக்கும் கோணத்தைக் கோள முக்கோண கணிதத்தால் கண்டுவிடலாம். அது 78 பாகைக்குச் சற்று மேலே வருகிறது. ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111 கிலோமீற்றர் என்று பெருக்கினால் 8,700 கிலோமீற்றர். இதுவே கொழும்புக்கும் லண்டனுக்கும் உள்ள ஆகாயத் தூரம். விமானம் தரையிலிருந்து 11 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கிறதே, அதனால் வட்டம் பெரிதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் முழுப் பிரயாணத்துக்கும் சேர்ந்து 15 கிலோமீற்றர்தான் கூடுகிறது, அதாவது மருதானையிலிருந்து ராகமை வரையிலான தூரமளவு.

லண்டன் நூல் நமக்கு அவ்வளவாக ஆச்சரியம் தருவதில்லை. வயநாட்டின் மேலாகக் கடலுக்குப் போய், அரபிக் கடலைக் குறுக்கே வெட்டி, ஈரானில் தெகரான் நகருக்கு அருகாமையிலும், பின்னர் கருங்கடலின் வட கரையில் ஒடேசாவுக்குச் சமீபத்திலும் தொட்டுக்கொண்டு அது போகிறது. வடமேற்குத் திசைதான் என்று நாமும் எதிர்பார்த்திருப்போம். உண்மையான ஆச்சரியம் ரொறன்ரோ நூலில் இருக்கிறது. இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ரொறன்ரோவில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஆயினும் அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால், சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தை நினைத்துக்கொண்டு, மேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் என்று எல்லோரும் கையை நீட்டுவார்கள். நூல் காட்டும் திசையோ மேற்கு அன்று. வடக்கிலிருந்து 18 பாகை மட்டுமே மேற்காகச் சாய்ந்த, கிட்டத்தட்ட நேர் வடக்கு! காரணம் எளிது. கொழும்பு கிரீனிச்சுக்குக் கிழக்கே 80 பாகையில் இருக்கிறது, ரொறன்ரோ அதே கிரீனிச்சுக்கு மேற்கே 80 பாகையில் இருக்கிறது. ஆகவே பூமியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போக, துருவத்தை நோக்கி ஏறி மறுபுறம் இறங்குவதே குறுக்கு வழியாகிறது.

அந்த நூலைச் சற்று நிதானமாகப் பின்தொடர்வது இலங்கைத் தமிழருக்கு ஒரு விசேஷ இன்பம். கட்டுநாயக்காவில் புறப்பட்ட நூல், பாக்கு நீரிணையைத் தாண்டித் தொண்டிப் பக்கமாகத் தமிழ்நாட்டில் கரையேறுகிறது. ஓசூரை ஒட்டிக்கொண்டு தக்காணத்துக்குள் புகுகிறது. இராஜஸ்தானத்திலே ஜோத்பூரைத் தொட்டு, ஆப்கானிஸ்தானத்தின் கிழக்கு மலைகளைக் கடந்து, கசக்ஸ்தானத்துப் புல்வெளிகளின் மேலாக ரஷ்யாவின் வட கோடியிலுள்ள ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்துக்கு வருகிறது. அதற்குமேல் பனிக்கடலை நோக்கிய வழி. நோர்வேக்கும் கிறீன்லாந்துக்கும் நடுவே, யான் மாயன் என்னும் எரிமலைத் தீவுக்குச் சமீபத்திலே, 72 பாகை வட அகலாங்கில் அது உச்சத்தை அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்பி, கிறீன்லாந்தின் பனிப் படுகையைக் குறுக்கே கடந்து கனடாவில் இறங்குகிறது. மொத்தம் 14,000 கிலோமீற்றர். தொண்டியும் ஓசூரும் கிறீன்லாந்தும் ஒரே நேர்வழியில் இருப்பதைச் சுவர்ப்படத்தை ஆயிரம் தடவை பார்த்தாலும் ஊகிக்க முடியாது. 1569இல் மெர்க்காற்றர் வரைந்த முறையைப் பின்பற்றிய படங்கள் மாலுமிக்குத் திசையைச் சரியாகக் காட்டும்பொருட்டு வடக்கு நாடுகளை அளவுக்கு மீறிப் பெருக்கிவிட்டன. திசைக்காட்டியை நம்பிக் கப்பலோட்டியவனுக்கு அது உபகாரம். தூரத்தை நிதானிக்க நினைப்பவனுக்கோ அது ஏமாற்று. பாடசாலைச் சுவர்களில் அந்தப் படத்துக்குக் கொடுக்கும் இடத்தை ஓர் உருண்டைக்குக் கொடுத்திருந்தால் நம் பிள்ளைகளின் பூகோள அறிவு இன்னும் சீராக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

தூரத்தின் கதை இவ்வளவே; அது நிலையானது. இனி நேரத்தின் கதை.

8,700 கிலோமீற்றரை 11 மணித்தியாலத்தால் வகுத்தால் மணிக்கு 790 கிலோமீற்றர் வருகிறது. ஆனால் பெரிய ஜெற் விமானங்கள் காற்றினூடே செல்லும் வேகம் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் இருக்கும். மிச்சம் எங்கே போயிற்று? ஒரு பங்கு, விமானம் நகரத் தொடங்கியது முதல் வாயிலில் வந்து நிற்கும் வரையுள்ள முழு நேரத்தையும் அட்டவணை கணக்கிடுவதால் போய்விடுகிறது. இந்தப் பங்கின் பாரம் குறுகிய பிரயாணங்களில்தான் நன்றாகத் தெரியும். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஆகாயத் தூரம் 650 கிலோமீற்றர். முழு வேகத்தில் முக்கால் மணித்தியாலமும் ஆகாது. அட்டவணையிலோ ஒன்றே கால் மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், முறைக்குக் காத்து நிற்பதும், மெல்ல மெல்ல மேலேறுவதும், சேருமிடத்துக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து இறங்கத் தொடங்குவதும் ஆகிய இவை சென்னைக்கும் லண்டனுக்கும் ஏறக்குறைய ஒரே அளவானவை. ஆகவே கிலோமீற்றர் கணக்கில் சென்னைப் பிரயாணமே ‘மெதுவான’ பிரயாணம். இதைச் சொல்லும்போது மருதானையைக் கடந்து இரவிலே போன பழைய தலைமன்னார் மெயிலை நினைக்காமல் இருக்க முடியவில்லை: 1914 முதல், அந்த வண்டியிலே மாலையில் ஏறி, விடியலில் தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் தனுஷ்கோடிக்குப் போய், மறுபடி புகையிரதத்தில் ஓரிரவு கழித்துச் சென்னை எழும்பூரைச் சேர்ந்த தலைமுறைக்கு, ஒன்றே கால் மணித்தியாலத்தைக் குறைசொல்லும் நாம் வேடிக்கையாகத் தோன்றுவோம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழியும் அழிந்தது.

மற்றப் பங்கைக் கொண்டுபோவது காற்று. வெள்ளம் ஓடும் களனி கங்கையிலே தோணிக்காரன் ஒரே பலத்தோடு துடுப்புப் போட்டாலும், நீரோட்டத்தோடு போகையில் கரை விரைந்து ஓடுவதும், எதிர்த்து வருகையில் கரை நகர மறுப்பதும் நாம் அறிந்ததே. விமானத்துக்கும் நியதி அதுவே. விமானத்தின் யந்திரங்கள் காற்றைச் சார்ந்தே வேகத்தைப் படைக்கின்றன. அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால், நிலத்தின்மேல் அடையும் வேகம் கூடவோ குறையவோ செய்யும். நடுத்தர அகலாங்குகளில், 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்திலே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. அதுவே ஜெற் காற்றோட்டம். சில சமயங்களில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டும். 1920களில் ஜப்பானில் பலூன்களைப் பறக்கவிட்டு இதனை அளந்த வஸபுரோ ஓயிஷி என்னும் விஞ்ஞானி, உலகம் முழுவதும் வாசிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு தம் அறிக்கையை எஸ்பெராந்தோ பாஷையில் வெளியிட்டார். அதனாலேயே உலகத்தில் ஏறக்குறைய ஒருவரும் அதை வாசிக்கவில்லை.

கணக்கை எளிமையாக்க, வழி முழுவதும் மணிக்கு 100 கிலோமீற்றர் மேல்காற்று வீசுகிறதென்றும், விமானம் 900 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறதென்றும் கொள்வோம். லண்டனுக்குப் போகையில் நில வேகம் 800; 8,700 கிலோமீற்றருக்கு 10 மணி 52 நிமிஷம். திரும்புகையில் நில வேகம் 1,000. 8 மணி 42 நிமிஷம். இரண்டையும் கூட்டினால் 19 மணி 34 நிமிஷம். காற்றே வீசாவிட்டால் இரு வழிக்கும் 19 மணி 20 நிமிஷம்தான். போகும்போது இழந்ததை வரும்போது முழுதும் திரும்பப் பெற முடியாது என்பதே இதிலுள்ள நுட்பம். எதிர்காற்றில் நாம் அதிக நேரம் செலவழிக்கிறோம், சாதகமான காற்றிலோ குறைந்த நேரமே இருக்கிறோம். ஆகவே இரு வழிப் பிரயாணத்துக்கு நிலையான காற்று எப்போதும் நஷ்டமே.

மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்காகவே ஓடும் என்பதற்கு நம்முடைய பிரதேசத்தில் ஒரு விலக்கும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூன் முதல் செப்டெம்பர் வரை, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மேலே, 15 கிலோமீற்றர் உயரத்தை மையமாகக் கொண்டு, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெற் காற்றோட்டம் ஓடுகிறது. இதனை 1958இல் உலகுக்கு விளக்கியவர், பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த பி. கோட்டேஸ்வரம். கீழே நமது முகத்தில் மேற்கிலிருந்து சாரல் அடிக்கும் அதே ஆடி மாதத்தில், தலைக்கு மேலே நேரெதிர்த் திசையில் காற்று பாய்ந்துகொண்டிருக்கிறது. லண்டனுக்குப் போகும் விமானம் முதல் ஓரிரு மணித்தியாலத்துக்கு அதன் ஓரத்தால் சிறிது தள்ளப்பட்டு, வடக்கே ஏறியதும் வழக்கமான எதிர்காற்றைச் சந்திக்கிறது. மார்கழியில் போகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அப்பொழுது வட இந்தியாவுக்கும் ஈரானுக்கும் மேலே மேல்காற்று மிகவும் வலுத்திருக்கும்.

இவ்விடத்தில் ஒரு பழைய தர்க்கத்தையும் தீர்த்துவிடவேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கொழும்பின் அகலாங்கில் அச்சுழற்சியின் வேகம் மணிக்கு 1,650 கிலோமீற்றர். அப்படியானால் விமானம் சும்மா மேலே எழும்பி நின்றால், மேற்கேயுள்ள ஊர்கள் தாமாகவே அதன் காலடிக்கு வந்து சேரவேண்டாமா என்று தேநீர்க் கடைகளிலும் சில சமயம் ஆசிரியர் ஓய்வறைகளிலும் கேட்கக் கேட்டிருக்கிறேன். வாரா, ஏனெனில் காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, விமானமும் தரையில் நிற்கும்போதே அந்த வேகத்தைப் பெற்றிருக்கிறது. ஆனால் பூமியின் சுழற்சிக்குப் பிரயாண நேரத்தில் பங்கே இல்லை என்று சொல்வதும் தவறு. வெப்ப மண்டலத்திலிருந்து துருவத்தை நோக்கி உயரத்தில் செல்லும் காற்றைக் கிழக்கே திருப்பி, ஜெற் காற்றோட்டமாக்குவது அந்தச் சுழற்சியே. கையால் இழுக்காமல், காற்றின் மூலம் அது தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறது.

விமானம் மெதுவாகப் பறந்த காலத்தில் காற்றின் அதிகாரம் இன்னும் பெரிது. அதற்கு நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 1942 பெப்ருவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் விழுந்ததும், இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான ஆகாய வழி அறுந்துபோயிற்று. அதனை மறுபடி இணைக்க, 1943 ஜூலையில், குவாண்டாஸ் நிறுவனம் காலிக்குக் கிழக்கேயுள்ள கொக்கலை வாவிக்கும் அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகருக்கும் இடையே, கற்றலினா என்னும் நீர் விமானங்களை ஓட்டத் தொடங்கியது. இடையிலே இறங்க ஓரிடமுமில்லை. 5,650 கிலோமீற்றர், முழுவதும் இந்து சமுத்திரம். விமானத்தின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவே. எரிபொருளே பாரத்தின் பெரும் பகுதியை விழுங்கிவிட்டபடியால், ஏற்றக்கூடியது மூன்று பிரயாணிகளும் 69 கிலோகிராம் தபாலுமே. ஜப்பானிய விமானங்களின் கண்ணுக்குத் தப்புவதற்காக அபாயமான பகுதியை இருளில் கடந்தார்கள். வானொலியில் வாய் திறக்கக்கூடாது என்பது கட்டளை. ஆகவே நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். அந்த ஐந்து விமானங்களுக்கும் ஆல்ட்டேர், வீகா, ரைஜெல், அன்ராரிஸ், ஸ்பைக்கா என்று நட்சத்திரப் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். இவற்றுள் கடைசி இரண்டும் நம் பஞ்சாங்கத்தின் கேட்டையும் சித்திரையும்.

காற்றில்லாவிட்டால் அந்தத் தூரத்துக்கு 28 மணித்தியாலம். மணிக்கு 40 கிலோமீற்றர் எதிர்காற்று வீசினாலோ 35 மணித்தியாலம். அதே காற்று பின்னால் வந்தால் இருபத்துமூன்றரை. இன்றைய ஜெற் விமானத்துக்கு 40 கிலோமீற்றர் காற்று இருபதில் ஒரு பங்குகூட இல்லை; கற்றலினாவுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. மெய்யாகவே நிகழ்ந்தவற்றுள் மிக நீண்ட பறப்பு 32 மணி 9 நிமிஷம் பிடித்தது. ஒரே பறப்பில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைக் கண்டவர்கள் என்பதால், பிரயாணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை 271 முறை இந்தச் சமுத்திரத்தைக் கடந்தும் ஒரு விமானமேனும் வழியில் தொலையவில்லை என்பது மிகைப்படுத்தாத சரித்திரம்.

யுத்தத்துக்குப் பின் நிகழ்ந்தவை விரைந்து சொல்லக்கூடியவை. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் ‘சீதா தேவி’ விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்து வழியாகச் சென்னைக்குப் பறந்தது. 1952 ஓகஸ்டில் உலகின் முதல் ஜெற் பிரயாணி விமானமாகிய கொமெற் லண்டனுக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கி, வழியில் பல இடங்களில் நின்றும் ஒரு நாளுக்குள் பிரயாணத்தை முடித்தது. உலோகம் களைத்து உடைந்ததால் நேர்ந்த விபத்துகளால் 1954இல் அவ்விமானங்கள் நிறுத்தப்பட்டன.

இன்று காற்றுக்கு அடுத்தபடியாக நேரத்தைத் தீர்மானிப்பவை அரசாங்கங்கள். லண்டன் நூல் தெகரானுக்கும் ஒடேசாவுக்கும் அருகே போகிறது என்று மேலே சொன்னேன்; அந்த இரண்டு பெயர்களையும் செய்தித்தாளோடு சேர்த்து வாசித்தால் மிகுதி தானே விளங்கும். 2022 பெப்ருவரி முதல் உக்ரேனின் ஆகாயம் பிரயாணி விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. ஈரானைச் சூழ்ந்த ஆகாயமும் பதற்றம் மூளும்போதெல்லாம் மூடுகிறது. 2019இல் பாகிஸ்தான் மாதக்கணக்கில் தன் வான்வழியை அடைத்தபோது டில்லியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவர்கள் சுற்றிப் போனார்கள். பெருவட்டம் கணிதத்தில் ஒரு கோடு. வரைபடத்திலோ அது பத்து அரசாங்கங்களின் அனுமதி.

இவற்றோடு கடிகாரமும் சேர்ந்து குழப்புகிறது. பிற்பகல் 1 மணிக்குக் கட்டுநாயக்காவில் ஏறி 11 மணித்தியாலம் பறந்தவர், குளிர்காலமானால் மாலை 6.30க்கு லண்டனில் இறங்குகிறார். சீட்டை மட்டும் பார்த்தவர்களுக்கு ஐந்தரை மணித்தியாலப் பிரயாணமாகத் தோன்றும். சீட்டிலுள்ள இரண்டு நேரங்களும் அவ்வவ்வூர் நேரங்கள். லண்டனில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை முன்னே தள்ளுவதால் வித்தியாசம் நாலரை மணித்தியாலமாகிறது. இலங்கையே 1996இல் தன் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில் பழைய நிலைக்கு மீண்டது. அந்தப் பத்தாண்டுகளின் பழைய அட்டவணைகளை இன்றையவற்றோடு ஒப்பிடுபவர்கள் இதை மறக்கலாகாது.

இறுதியாக, ரொறன்ரோவுக்குப் போகும் பிரயாணிகள் அடிக்கடி சொல்லும் ஒரு குறையை ஆராய்வோம். “டுபாயில் இறக்கி ஏற்றுகிறார்கள், சுற்றுவழி” என்பது அவர்கள் வாதம். கொழும்பிலிருந்து டுபாய் 3,290 கிலோமீற்றர், அங்கிருந்து ரொறன்ரோ 11,080, கூட்டினால் 14,370. நேர்வழியைவிட 400 கிலோமீற்றர்கூட அதிகமில்லை. நூற்றுக்கு மூன்று பங்கும் ஆகாது. லண்டன் வழியாகப் போனாலும் ஏறக்குறைய அதே கணக்கு. நேரத்தைத் தின்பது சுற்றுவழி அன்று, விமான நிலையத்து நாற்காலியில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் நாலைந்து மணித்தியாலமே. ஆகவே மருதானையிலோ வேறெங்கோ சீட்டு வாங்கும்போது, எந்த ஊர் வழியாக என்று கேட்பதைவிட, அந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று கேளுங்கள். அவ்வளவு தூரத்தை நேரே பறக்கக்கூடிய விமானம் இல்லாமலும் இல்லை: சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே மூச்சில், 18 மணித்தியாலத்துக்கு மேல் பறந்து, இன்று விமானங்கள் கடக்கின்றன. கொழும்பு–ரொறன்ரோ அதைவிட 1,300 கிலோமீற்றர் குறைவு.